இடைவெளி விட்டதற்காகத் திருப்பி அனுப்பாதீர்கள்

செல்பேசி எண்ணை நம்மில் பலரும் ஐந்து ஐந்தாகத்தான் சொல்கிறோம், ஐந்து ஐந்தாகத்தான் எழுதுகிறோம். கடைப் பலகையிலும் கல்யாணப் பத்திரிகையிலும் அப்படித்தான் இருக்கிறது. அதே எண்ணை அதே இடைவெளியோடு ஓர் இணையப் படிவத்தில் அடித்தால், ‘சரியான எண்ணை உள்ளிடவும்’ என்று சிவப்பு எழுத்தில் திருப்பி அனுப்பும் படிவங்கள் இன்னும் நிறைய இருக்கின்றன. எண் சரியானதுதான். நடுவில் கிடக்கும் இடைவெளியை எடுத்துவிட, படிவத்துக்குப் பின்னால் ஓடும் சிறு நிரலான ஸ்கிரிப்டில் ஒரு வரி போதும். அந்த ஒரு வரியை எழுதாமல் விட்டதால், படிவத்தை நிரப்ப வரும் ஒவ்வொருவரும் அந்த வேலையைத் தங்கள் கட்டைவிரலால் செய்கிறார்கள்.

படிவங்கள் செய்வதுதான் என் தொழில். சேர்க்கை விண்ணப்பம், கடன் விண்ணப்பம், மருத்துவமனை முன்பதிவு என்று பல ஆண்டுகளாக இதே பெட்டிகளோடுதான் வாழ்கிறேன். இவ்வளவு காலத்தில் எனக்கு உறுதிப்பட்டது இதுதான்: மனிதர்கள் எப்படி அடித்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டும். அதை ஒழுங்குபடுத்துவது ஸ்கிரிப்டின் பொறுப்பு. தவறு என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டுமே மறுக்கலாம், மறுக்கும்போது என்ன தவறு என்று சொல்லியாக வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறது. செய்யும்போதுதான் ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் எவ்வளவு இருக்கிறது என்று தெரியும். தமிழில் பெயர் எழுதும் பெட்டிக்கு வரும்போது இன்னும் கூடுதலாகத் தெரியும்.

1995இல் பிரவுசர் தயாரித்த நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக், பிரவுசருக்குள் ஓடும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டை உருவாக்கினார். அது முதலில் அதிகம் பயன்பட்ட வேலைகளில் ஒன்று, படிவத்தைச் சரிபார்ப்பது. அப்போது இணையம் மோடம் வழியாக ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. சப்மிட் அழுத்தினால் படிவம் சர்வர்வரை போகும். அங்கே ஒரு நிரல் ஒரு பெட்டி காலியாக இருப்பதைப் பார்த்து முழுப் பக்கத்தையும் திருப்பி அனுப்பும். சில படிவங்களில் அதுவரை அடித்ததெல்லாம் போய்விடும். அந்த ஒரு சுற்றை மிச்சப்படுத்தத்தான் பிரவுசருக்குள்ளேயே சரிபார்க்கும் வழக்கம் வந்தது. நிரப்புபவரின் நேரத்தைக் காப்பாற்ற வந்த கருவி அது. ஆனால் போகப்போக, தரவுத்தளம் எந்த வடிவத்தில் கேட்கிறதோ அதே வடிவத்தில் மனிதர்களை அடிக்க வைக்கும் கருவியாகப் பல இடங்களில் மாறிவிட்டது.

சரி, செல்பேசி எண்ணையே முதலில் எடுத்துக்கொள்வோம். இந்திய எண் என்றால் 10 இலக்கம், முதல் இலக்கம் 6, 7, 8, 9 இவற்றில் ஒன்று. இதை மட்டும் வைத்துச் சரிபார்த்தால் +91 போட்டு அடித்தவர் மாட்டுவார், முன்னால் 0 போட்டுப் பழகியவர் மாட்டுவார், இடையில் கோடு போட்டவரும் மாட்டுவார். அதனால் முதல் வேலை சுத்தம் செய்வது: இலக்கம் அல்லாத எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். மிச்சம் 12 இலக்கம் இருந்து 91 என்று தொடங்கினால் அந்த 91 நாட்டுக் குறியீடு, எடுக்கலாம். 11 இலக்கம் இருந்து 0 என்று தொடங்கினால் அந்த 0 எடுக்கலாம். இங்கே நீளத்தைப் பார்க்காமல் ‘91 என்று தொடங்கினால் வெட்டு’ என்று எழுதிவிடக் கூடாது. 91 என்றே தொடங்கும் முறையான 10 இலக்க எண்கள் லட்சக்கணக்கில் புழக்கத்தில் இருக்கின்றன. அவர்களுடைய எண் 8 இலக்கமாகச் சுருங்கி, படிவம் அவர்களை மட்டும் காரணமே சொல்லாமல் விரட்டிக்கொண்டிருக்கும்.

இன்னொன்று. எண்ணை வேறு செயலியிலிருந்து நகலெடுத்து பேஸ்ட் செய்யும்போது கண்ணுக்குத் தெரியாத எழுத்துகளும் கூடவே ஒட்டிக்கொண்டு வருவதுண்டு. எழுத்து ஓடும் திசையைக் குறிக்கும் யூனிகோட் (எல்லா மொழி எழுத்துகளுக்கும் கணினியில் எண் தரும் பொதுமுறை) குறிகள், அகலமே இல்லாத இடைவெளிகள், வரி உடையாத இடைவெளி என்று பல வகை. திரையில் பார்த்தால் 10 இலக்கம்தான் தெரியும். ஸ்கிரிப்ட் எண்ணினால் 12 வரும். பாவம், அந்த மனிதர் என்னதான் செய்வார்? எண்ணை மூன்று முறை வாய்விட்டுப் படித்துப் பார்ப்பார், ஒரு தவறும் இருக்காது. ‘இலக்கம் அல்லாததை எல்லாம் எடு’ என்ற ஒரு விதி இதையும் சேர்த்தே தீர்த்துவிடுகிறது.

வெளிநாட்டு எண்களையும் மறக்கக் கூடாது. நம் ஊர்ப் படிவங்களில் அவசரத் தொடர்புக்கு மகன் எண்ணைக் கேட்கிறோம். அந்த மகன் சிங்கப்பூரில் இருந்தால் அவர் எண் 8 இலக்கம். பன்னாட்டு எண் முறைப்படி நாட்டுக் குறியீடும் சேர்த்து அதிகபட்சம் 15 இலக்கம். சுத்தம் செய்யும் முன்பே பார்த்து, முதலில் கூட்டல் குறி இருந்து அடுத்து 91 இல்லாவிட்டால் 15 இலக்கம்வரை அப்படியே வாங்கிக்கொள்வதுதான் நியாயம்.

அடுத்தது, அடிக்க அடிக்கவே வடிவமைப்பது. வங்கி அட்டை எண்ணை நான்கு நான்காகப் பிரித்துக் காட்டுவது பார்க்க எளிதாகத் தெரியும். ஆனால் பெட்டிக்குள் இருப்பதை ஸ்கிரிப்ட் மாற்றி எழுதினால் கர்சர் கடைசிக்கு ஓடிவிடும். நடுவில் ஓர் இலக்கத்தைத் திருத்தப் போனவர் ஒன்றை அடிப்பார், அடுத்த இலக்கம் வாலில் போய் விழும். இதற்குத் தீர்வு, கர்சரின் இடத்தை எழுத்துக் கணக்கில் பார்க்காமல் இலக்கக் கணக்கில் பார்ப்பது. மாற்றுவதற்கு முன் கர்சருக்கு இடப்பக்கம் எத்தனை இலக்கம் என்று எண்ணிக்கொண்டு, மாற்றிய பிறகு அத்தனை இலக்கம் தாண்டிய இடத்தில் கர்சரை வைக்க வேண்டும்.

அதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. நான்கு இலக்கத்துக்குப் பின் ஓர் இடைவெளி, அதற்குப் பின் கர்சர் நிற்கிறது. பேக்ஸ்பேஸ் அழுத்தினால் இடைவெளி அழியும். ஸ்கிரிப்ட் உடனே ஓடிவந்து இடைவெளியை மறுபடி போடும். கர்சரை அந்த இடைவெளிக்குப் பின்னால் வைத்தால் எத்தனை முறை அழுத்தினாலும் ஒன்றும் அழியாது. இடைவெளிக்கு முன்னால் வைத்தால் அடுத்த அழுத்தலில் இலக்கம் அழியும். இந்த ஓர் எழுத்து வித்தியாசத்தைக் கவனிக்காத அட்டை எண் பெட்டிகளில் சிக்கியவர்கள் முழு எண்ணையும் தேர்ந்தெடுத்து அழித்துவிட்டு முதலிலிருந்து அடிக்கிறார்கள். கண்ட்ரோல் இசட் அழுத்தி மீளலாம் என்றால், ஸ்கிரிப்ட் மதிப்பை மாற்றும்போது முந்தைய மாற்றங்களைப் பிரவுசர் நினைவில் வைத்திருக்கும் வரலாறும் பெரும்பாலான பிரவுசர்களில் குலைந்துவிடுகிறது.

எந்த விசை அழுத்தப்பட்டது என்று பார்த்து, இலக்கம் இல்லையென்றால் தடுத்துவிடும் பழைய முறையும் இன்னும் உயிரோடு இருக்கிறது. கணினியில் அது வேலை செய்யும். ஆண்ட்ராய்டு கீபோர்டுகளில் எந்த விசையை அழுத்தினாலும் பெரும்பாலும் 229 என்ற ஒரே எண்தான் வரும், என்ன அழுத்தினார்கள் என்று தெரியாது. பேஸ்ட் செய்தாலும், பிரவுசர் தானாக நிரப்பினாலும், குரலில் சொல்லி அடித்தாலும் விசையே கிடையாது. விசையைக் காவல் காக்கும் ஸ்கிரிப்ட் இவை எல்லாவற்றையும் கோட்டை விடும். பெட்டியில் என்ன வந்து சேர்ந்திருக்கிறது என்று பார்ப்பதுதான் ஒரே நம்பகமான வழி. என்னைக் கேட்டால், அட்டை எண்ணைத் தவிர மற்றதையெல்லாம் அந்தப் பெட்டியை விட்டு நகர்ந்த பிறகு அழகுபடுத்தினால் போதும். அடித்துக்கொண்டிருக்கும் கைக்கு நடுவே ஸ்கிரிப்ட் கையை நுழைக்கத் தேவையில்லை.

தமிழில் அடிக்கும்போது இது இன்னும் முக்கியம். தமிழ்99 விசைப்பலகையில் ‘அம்மா’ என்று எழுத, அ, ம, ம, ஆ என்று அழுத்துகிறோம். இரண்டாவது ம விழுந்ததும் விசைப்பலகை பின்னால் போய் முதல் ம மேல் புள்ளி வைக்கிறது. அதாவது ஏற்கெனவே அடித்த எழுத்தை அது திருத்துகிறது. ஆங்கில எழுத்தில் ஒலிப்புமுறையாக அடிப்பவர்களுக்கோ ஒவ்வொரு விசைக்கும் சொல் உருமாறிக்கொண்டே வரும், முடிவாகும்வரை அடியில் ஒரு கோடு இருக்கும். இந்த இடைநிலையில் ஸ்கிரிப்ட் புகுந்து பெட்டியின் மதிப்பை மாற்றினால் விசைப்பலகையும் ஸ்கிரிப்டும் ஒன்றையொன்று மிதித்துக்கொள்ளும். எழுத்துகள் இரட்டிக்கும், பாதிச் சொல் காணாமல் போகும். சொல் உருவாகிக்கொண்டிருக்கிறதா, முடிந்துவிட்டதா என்பதைப் பிரவுசரே நிகழ்வுகளாகச் சொல்கிறது. உருவாகும்வரை தொடாதே என்று இரண்டு வரி எழுதினால் தீர்ந்தது. ஆங்கிலத்தில் மட்டும் சோதித்துப் பார்த்தவர்களுக்கு இந்த இரண்டு வரியின் தேவையே தெரிய வராது.

இனி பெயர்ப் பெட்டி. எனக்கு மிகவும் மனக்குறை தரும் பெட்டி இதுதான். ‘தமிழ் எழுத்துகள் மட்டும்’ என்று கேட்கும் பல படிவங்களில் அடியில் இருக்கும் ரெஜெக்ஸ், அதாவது எந்த எழுத்துகள் வரலாம் என்று சொல்லும் வடிவ விதி, [அ-ஹ] என்பதுதான். பார்த்தால் சரியாகத்தான் தோன்றும், அ முதல் ஹ வரை எல்லாம் அடங்கிவிட்டது போல. ஆனால் யூனிகோடில் தமிழ் அப்படி அடுக்கப்படவில்லை. அந்த எல்லைக்குள் உயிரெழுத்துகளும் அகரமேறிய மெய்களும் மட்டுமே இருக்கின்றன. துணைக்கால், கொம்பு, கொக்கி, புள்ளி எல்லாம் ஹ தாண்டி வருகின்றன. ஆய்த எழுத்து அ-வுக்கு முன்னாலேயே இருக்கிறது. விளைவு: ‘கமல’ என்று அடித்தால் போகும், ‘கமலா’ என்று அடித்தால் ‘தமிழில் மட்டும் எழுதவும்’ என்று திட்டும். யூசுஃப் என்ற பெயருக்குப் புள்ளியும் தடை, ஆய்தமும் தடை.

கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் யூனிகோடின் ‘எழுத்து’ என்ற வகையைக் கேட்பார்கள். 2018க்குப் பிறகு ஜாவாஸ்கிரிப்ட் ரெஜெக்ஸில் அது முடியும். எந்த மொழி எழுத்தானாலும் ஏற்கும் என்ற நல்ல எண்ணத்தோடுதான் அதைப் போடுவார்கள். ஆனால் யூனிகோடின் பார்வையில் ‘கி’ என்பதில் க மட்டுமே எழுத்து, அந்தக் கொக்கி எழுத்து அல்ல, அது ‘குறி’ என்ற தனி வகை. எழுத்து மட்டும் போதும் என்று சொன்னால் தமிழ், இந்தி, மலையாளம், வங்காளம் எல்லாமே வாசலில் நிற்க வேண்டியதுதான். எழுத்து, குறி இரண்டையும் சேர்த்துக் கேட்டால்தான் நம் பெயர்கள் உள்ளே போகும். அதோடு இடைவெளி, முற்றுப்புள்ளி, ஒற்றை மேற்கோள் குறி, சிறு கோடு ஆகியவற்றையும் அனுமதிக்க வேண்டும். மனிதர்களின் பெயர்களில் இவை எல்லாம் வருகின்றன.

நீளக் கணக்கு இன்னொரு குழி. பெட்டிக்கு அதிகபட்ச நீளம் என்று ஒரு பண்பைக் கொடுக்கிறோம் அல்லவா, அது நாம் எண்ணும் எழுத்துகளை எண்ணுவதில்லை. ‘கிருஷ்ணமூர்த்தி’ நம் கணக்கில் 8 எழுத்து. பிரவுசரின் கணக்கில் 15. சர்வரில் யுடிஎஃப்-8 முறையில் சேமிக்கும்போது ஒவ்வொன்றும் 3 பைட் ஆகி, 45 பைட். தரவுத்தளத்தில் 40 பைட் இடம் ஒதுக்கியவர், ‘ஒரு பெயருக்கு 40 எழுத்து போதாதா’ என்றுதான் நினைத்திருப்பார். பிரவுசர் சரி என்று அனுப்பும், தரவுத்தளம் மறுக்கும், நிரப்பியவருக்கு ‘ஏதோ பிழை, பிறகு முயலவும்’ என்று வரும். அவர் பிறகு முயன்றாலும் அவர் பெயர் அதேதான்.

மறுப்பதைவிட மோசம், சத்தமில்லாமல் வெட்டுவது. ‘கண்ணன்’ பிரவுசர் கணக்கில் 6. எல்லை 5 என்றால் கடைசிப் புள்ளி மட்டும் உதிர்ந்து ‘கண்ணன’ என்று சேமிக்கப்படும். நீளமான பெயர்களில் இது அடிக்கடி நடக்கிறது. சான்றிதழ் அச்சாகி வந்த பிறகுதான் தெரிய வரும், அப்போது திருத்த வேறொரு படிவம் நிரப்ப வேண்டியிருக்கும். நீளத்தை அளந்தே ஆக வேண்டும் என்றால், மனிதர் காணும் எழுத்தாகப் பிரித்துத் தரும் வசதி இப்போது எல்லா முக்கியப் பிரவுசர்களிலும் இருக்கிறது. அதைக்கூடப் பயன்படுத்த வேண்டாம், எல்லையை நூறு இருநூறு என்று தாராளமாக வைத்தாலே போதும். இன்றைக்கு இடத்துக்குப் பஞ்சமில்லை.

அப்புறம், ஒரே மாதிரி தெரிந்து வெவ்வேறாக இருக்கும் எழுத்துகள். ‘கொ’ என்பதை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: க-வுடன் ஒற்றைக்கொம்பும் துணைக்காலும் சேர்ந்த ஒரே குறி, அல்லது கொம்பு தனி, கால் தனி. திரையில் வித்தியாசமே தெரியாது. ஒப்பிட்டுப் பார்க்கும் ஸ்கிரிப்டுக்கு இவை இரண்டும் வேறு. ‘கோபால்’ என்று பதிவு செய்தவர் வேறு கணினியில் ‘கோபால்’ என்று தேடினால் இல்லை என்று வரலாம். நல்லவேளையாக, இதை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர யூனிகோடே ஒரு விதி வைத்திருக்கிறது, ஜாவாஸ்கிரிப்டில் ஒரு சிறு அழைப்பில் முடிந்துவிடும். தமிழ் உள்ளீடு எதுவானாலும் சேமிப்பதற்கு முன் இதைச் செய்துவிட வேண்டும் என்பது என் கட்டாயப் பழக்கம்.

ஆனால் எல்லாவற்றையும் அந்த விதி தீர்க்காது. கௌரி என்ற பெயரை ஔகாரக் குறி போட்டு எழுதுபவர்களும் உண்டு, ஒற்றைக்கொம்புக்குப் பக்கத்தில் ள என்ற எழுத்தையே போட்டு ‘கெளரி’ என்று எழுதுபவர்களும் உண்டு. இரண்டாவது வகை மிக மிகப் பரவலானது. யூனிகோடுக்கு இவை இரண்டும் வெவ்வேறு சொற்கள். சரி, கெள என்று வந்தால் கௌ என்று மாற்றிவிடலாமா? மாற்றினால் கெளுத்தி மீன் சிதைந்துவிடும். ஒள என்று வருவதையெல்லாம் ஔ ஆக்கினால் ஔவை சரியாவார், ஆனால் ஒளி கெட்டுவிடும். ள-வுக்குப் பின்னால் உயிர்க்குறியோ புள்ளியோ வருகிறதா என்று பார்த்தால் பெரும்பகுதி பிரித்துவிடலாம், முழுதும் முடியாது. ‘ஸ்ரீ’யும் இப்படித்தான். முதல் எழுத்தை ஸ என்றும் எழுதலாம், 2005இல் யூனிகோடில் சேர்ந்த ஶ என்றும் எழுதலாம். பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவமாகத்தான் வரும். நான் செய்வது இது: அவர் அடித்ததை அடித்தபடியே சேமித்துவிடுவேன். தேடவும் ஒப்பிடவும் மட்டும், இந்த வேறுபாடுகளைச் சமன் செய்த இன்னொரு பிரதியை உள்ளே வைத்துக்கொள்வேன். ஒருவருடைய பெயரை அவர் கண்ணுக்குத் தெரியாமல் திருத்தும் உரிமை எனக்கு இல்லை.

பெயரைப் பற்றிப் பேசும்போது இனிஷியலை விட முடியாது. தமிழ்நாட்டில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்து, அதன் பின் சொந்தப் பெயர், அவ்வளவுதான். ‘கடைசிப் பெயர் கட்டாயம், குறைந்தது இரண்டு எழுத்து’ என்று சரிபார்க்கும் படிவம் இவர்களை எல்லாம் பொய் எழுத வைக்கிறது. ஒருவர் புள்ளி வைக்கிறார், ஒருவர் தன் பெயரையே இரண்டு முறை எழுதுகிறார், ஒருவர் அப்பா பெயரை விரித்து எழுதுகிறார். இன்னொரு படிவத்தில் வேறு மாதிரி எழுதியிருப்பார். பிறகு இரண்டு ஆவணங்களிலும் பெயர் பொருந்தவில்லை என்று அவரையே அலைய விடுகிறார்கள். அமெரிக்க விசாவில் ஒற்றைப் பெயர் உள்ளவர்களுக்கு அந்தப் பெயரைக் குடும்பப் பெயராக வைத்து, சொந்தப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்என்யூ, அதாவது ‘முதற்பெயர் தெரியாது’ என்று போடுகிறார்கள். ஊரறிந்த பெயரோடு வாழ்ந்த ஒரு மனிதருக்கு அது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ‘முழுப் பெயர்’ என்று ஒரே பெட்டி வைத்தால் இதில் முக்கால்வாசி தீர்ந்துவிடும். நான் செய்யும் படிவங்களில் வாடிக்கையாளரோடு வாதாடியாவது அந்த ஒரே பெட்டியைக் கேட்டு வாங்கிவிடுவேன்.

மறுப்பதற்கு நியாயமான இடங்களும் இருக்கின்றன. ஆதார் எண்ணின் 12ஆவது இலக்கம் ஒரு சோதனை இலக்கம். டச்சுக் கணிதவியலாளர் வெர்ஹூஃப் 1969இல் வகுத்த முறைப்படி முந்தைய 11 இலக்கங்களிலிருந்து அது கணக்கிடப்படுகிறது. ஏதாவது ஓர் இலக்கம் தவறினாலும், அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினாலும் அந்த முறை கண்டுபிடித்துவிடும். வங்கி அட்டைகளில் இருப்பது ஐபிஎம் பொறியாளர் ஹான்ஸ் பீட்டர் லூன் 1954இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த எளிய முறை. ஒற்றை இலக்கத் தவறு எல்லாவற்றையும் அது பிடிக்கும், இடமாற்றத்தில் 09, 90 என்ற ஒரு ஜோடியை மட்டும் விட்டுவிடும். மனிதர் ஓர் எண்ணைப் பார்த்து அடிக்கும்போது செய்யும் பெரும்பாலான பிழைகள் இந்த இரண்டு வகைதான். சர்வரிடம் கேட்காமலே, அந்தப் பெட்டியை விட்டு நகர்ந்த நொடியிலேயே ‘ஓர் இலக்கம் மாறியிருக்கலாம், ஒருமுறை பாருங்கள்’ என்று சொல்ல முடிகிறது. ஸ்கிரிப்ட் மனிதருக்கு உண்மையாகவே உதவும் தருணம் இது, எனக்கு மிகவும் பிடித்த தருணமும்கூட. ஆனால் சோதனையில் தேறியதால் அப்படி ஓர் ஆதார் இருக்கிறது என்று பொருளல்ல. எண்ணின் உருவம் சரி, அவ்வளவுதான் தெரியும்.

வங்கியின் ஐஎஃப்எஸ்சி குறியீட்டில் 11 எழுத்து. முதல் நான்கு வங்கி, கடைசி ஆறு கிளை, நடுவில் ஐந்தாவதாக எப்போதும் பூஜ்யம். அதைப் பூஜ்யம் என்று அறியாமல் ஆங்கில ஓ எழுத்தாக அடிப்பவர்கள் ஏராளம், காசோலையில் அச்சாகியிருப்பதைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். அந்த இடத்தில் வேறெதுவும் வரவே முடியாது என்பதால், ஓ வந்தால் ஸ்கிரிப்டே பூஜ்யமாக மாற்றிவிடலாம். கடைசி ஆறு இடங்களில் அப்படிச் செய்யக் கூடாது, அங்கே எழுத்தும் வரலாம். பான் எண்ணில் ஐந்து எழுத்து, நான்கு இலக்கம், ஓர் எழுத்து. சிறிய எழுத்தில் அடித்தால் பெரிய எழுத்தாக்குவது ஸ்கிரிப்டின் வேலை. இதில் சிலர், பக்கத்தின் தோற்றத்தை மட்டும் மாற்றும் சிஎஸ்எஸ் மூலம் பெரிய எழுத்தாகக் காட்டுவதோடு நிறுத்திவிடுகிறார்கள். திரையில்தான் பெரிய எழுத்து, சர்வருக்குப் போவது அடித்த சிறிய எழுத்தே. திரையில் சரியாகத் தெரிவதையே ‘பான் எண் தவறு’ என்று சொன்னால் நிரப்புபவர் எதை நம்புவார்?

பின்கோடு, ஓடிபி போன்ற பெட்டிகளுக்கு ‘எண்’ என்ற வகையைக் கொடுக்கும் பழக்கம் ஒழிய வேண்டும். கணினியில் அந்தப் பெட்டிமேல் மவுஸ் சக்கரம் உருண்டால் சில பிரவுசர்களில் எண் தானாக ஏறி இறங்கும். தவறாக எதையாவது அடித்தால் பெட்டி காலி என்றே ஸ்கிரிப்டுக்குச் சொல்லும், என்ன அடித்தார்கள் என்று பார்க்கக்கூட முடியாது. பிரிட்டன் அரசின் வடிவமைப்புக் குழு இந்தக் காரணங்களையெல்லாம் பார்த்து 2020இல் அதைக் கைவிட்டு, சாதாரண எழுத்துப் பெட்டிக்கே மாறியது. எழுத்துப் பெட்டியாக வைத்து, போனில் எண் விசைகள் மட்டும் வரட்டும் என்று இன்புட்மோட் பண்பில் சொன்னால் போதும். கூட்டவும் கழிக்கவும் போவதில்லை என்றால் அது எண் அல்ல. தொகை எழுதும் பெட்டி வேறு கதை. அங்கே 1,25,000 என்று லட்சக் கணக்கில் காற்புள்ளி போட்டுக் காட்டுவது பெரிய உதவி, ஒரு பூஜ்யம் கூடினாலும் குறைந்தாலும் கண்ணில் படும். இந்திய முறையில் காற்புள்ளி போடும் வசதி பிரவுசருக்குள்ளேயே இருக்கிறது. கடன் விண்ணப்பத்தில் அது இல்லாமல் இருப்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

எப்போது சொல்வது என்பதும் என்ன சொல்வது என்பதைப் போலவே முக்கியம். மின்னஞ்சலின் முதல் எழுத்தை அடித்தவுடனே ‘தவறான முகவரி’ என்று சிவக்கும் பெட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். இன்னும் அடிக்கவே இல்லையே. அவர் அந்தப் பெட்டியை விட்டு நகரும்வரை காத்திருக்க வேண்டும். பிழை காட்டிய பிறகு, அவர் திருத்தத் தொடங்கினால் ஒவ்வோர் எழுத்துக்கும் பார்த்து, சரியான கணமே சிவப்பை எடுத்துவிட வேண்டும். சிவப்பு நிறம் மட்டும் போதாது, நிறம் பிரித்தறிய முடியாதவர்களுக்கும் திரைவாசிப்பான் பயன்படுத்துபவர்களுக்கும் அது போய்ச் சேராது. பிழை வாக்கியத்தை அந்தப் பெட்டியோடு நிரலில் இணைத்தால்தான் திரைவாசிப்பான் அதைப் படித்துச் சொல்லும். வாக்கியமும் உதவ வேண்டும். ‘செல்லாத உள்ளீடு’ என்பதைப் படித்துவிட்டு யாரும் எதையும் திருத்த முடியாது. ‘9 இலக்கம்தான் இருக்கிறது, இன்னும் ஒன்று வேண்டும்’ என்றால் திருத்தலாம். அந்த எண்ணிக்கை ஸ்கிரிப்டுக்குத் தெரியும்தானே, சொல்லிவிட வேண்டியதுதான்.

வங்கிக் கணக்கு எண்ணை இரண்டாவது முறை அடிக்கச் சொல்லி, அந்தப் பெட்டியில் பேஸ்ட் செய்வதைத் தடுப்பதும் பரவலாக இருக்கிறது. பார்த்து அடிப்பதில் பிழை வரும், நகலெடுத்தால் வராது. கடவுச்சொல் பெட்டியில் தடுப்பது இன்னும் தீங்கு, கடவுச்சொல் மேலாளர் வைத்திருப்பவர்கள் எளிய கடவுச்சொல்லுக்குத் திரும்பிவிடுவார்கள். மாற்றுத்திறனாளிகளும் இணையத்தைப் பயன்படுத்த வழிசெய்யும், 2023இல் வந்த அணுகல்தன்மை வழிகாட்டி உள்நுழையும்போது பேஸ்ட் செய்ய விடாமல் தடுப்பதைக் குறையாகவே பார்க்கிறது.

இவ்வளவும் பிரவுசரில் செய்துவிட்டு, சர்வரில் எல்லாவற்றையும் முதலிலிருந்து மறுபடி சரிபார்க்க வேண்டும். பிரவுசரில் ஓடும் ஸ்கிரிப்டை யாரும் நிறுத்திவிட்டு எதை வேண்டுமானாலும் அனுப்பலாம். அங்கேயும் விதியைக் கவனமாக எழுத வேண்டும். 2016 ஜூலை 20 அன்று, நிரலாளர்கள் கேள்வி கேட்டுப் பதில் பெறும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளம் 34 நிமிடம் முடங்கியது. காரணம், வரியின் முன்னும் பின்னும் இருக்கும் இடைவெளிகளை நீக்கும் ஒரு சின்ன ரெஜெக்ஸ். ஒரு பதிவில் தொடர்ச்சியாகச் சுமார் 20,000 இடைவெளிகள் இருந்தன, அவை வரியின் முடிவில் இல்லை. ஒவ்வோர் இடைவெளியிலிருந்தும் தொடங்கி, முடிவுவரை போய், இல்லை என்று திரும்பி வந்து, அடுத்ததிலிருந்து தொடங்கி என்று சர்வர் அதிலேயே மூழ்கிவிட்டது. எனவே முதலில் நீளத்தைப் பார், பிறகு ரெஜெக்ஸிடம் கொடு என்ற வரிசையை நான் மாற்றுவதே இல்லை.

ஒரு படிவம் முடிந்ததும் அதை என் மேசைக் கணினியில் சோதிப்பதோடு விடுவதில்லை. விலை குறைந்த ஓர் ஆண்ட்ராய்டு போனை எடுத்து, அதன் தமிழ் விசைப்பலகையில் கிருஷ்ணமூர்த்தி, யூசுஃப், ஸ்ரீதேவி, இரண்டு விதமான கௌரி, பின்னால் ஓர் இனிஷியல் மட்டும் வைத்த ஒரு பெயர் என்று வரிசையாக அடித்துப் பார்ப்பேன். செல்பேசி எண்ணை +91 போட்டு ஒருமுறை, ஐந்து ஐந்தாகப் பிரித்து ஒருமுறை, வேறு செயலியிலிருந்து பேஸ்ட் செய்து ஒருமுறை. பான் எண் சிறிய எழுத்தில். மின்னஞ்சலைப் பரிந்துரையிலிருந்து தொட்டுத் தேர்ந்தெடுப்பேன், அப்போதுதான் கீபோர்டு கடைசியில் ஓர் இடைவெளியைச் சேர்த்துவிடும். இவற்றில் எதற்காவது சிவப்பு எழுத்து வந்தால் அன்று அந்தப் படிவம் வெளியே போகாது.